அரைச் சுற்று தளர்த்துகிற பழக்கம்

கேள்வி: ஐயா, போன வாரம் என் 125 சிசி பைக்குக்குப் பின் டயர் மாற்றினேன். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தை மாட்டி, அதன் நடுத்தண்டான ஆக்சிலின் நட்டை முறுக்கியதும், சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டது. உடனே நட்டை அரைச் சுற்று தளர்த்தி, "இப்ப ஃப்ரீயா சுத்துது பாருங்க" என்று அனுப்பிவிட்டார். இப்போது வளைவில் பின்பக்கம் ஆடுவது போல இருக்கிறது. மறுபடி இறுக்கினால் சக்கரம் பிடிக்கிறது. எவ்வளவுதான் இறுக்குவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, முதலில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

அந்தக் கடைக்காரர் செய்தது சைக்கிள் வேலை. எங்கள் அப்பா கும்பகோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிள் ஆக்சிலில் கோன் என்கிற கூம்பு நட்டு, பேரிங்கின் இரும்புக் குண்டுகளை நேராக அழுத்தும். அதனால் கோனை இறுக்கி, ஒரு நூல் பின்வாங்கி, பிறகு லாக் நட்டைப் போட வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தோடு நான் 1986இல் பைக் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். முதல் வாரமே பின் சக்கரம் ஒன்றை அதே மாதிரி மாட்டினேன். மேஸ்திரி நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார். இன்றைக்கும் வலிக்கிறது.

பைக் சக்கரத்தில் இருப்பது வேறு மாதிரிப் பேரிங். இரண்டு பக்கப் பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய் இருக்கும், அதை ஸ்பேசர் என்போம். வெளியே இரு பக்கமும் காலர் என்கிற குட்டி வளையம், அதற்கும் வெளியே பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம். நட்டை முறுக்கும்போது இவை எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே தூண் போல ஆகிவிடும். அழுத்தம் முழுவதும் உள்வளையத்திலும் குழாயிலும் இறங்கிவிடும், குண்டுகளுக்குப் போகாது. ஆகவே நட்டை முழுதாக இறுக்கினாலும் சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும். பிடிக்கிறது என்றால் தப்பு நட்டில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. தளர்த்தினால் அந்தத் தப்பு மறையும், அவ்வளவுதான். செயின் இழுக்கிற இழுப்பில் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும், சக்கரம் கோணலாகும். உங்களுக்குத் தெரிகிற ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

எங்கே பிடிக்கிறது என்று இப்படிப் பாருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிரேக் மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியான பிரேக் ராடின் நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு ஆக்சிலை இறுக்குங்கள். சக்கரம் சுற்றினால் டிரம்முக்குள் இருக்கிற பிரேக் ஷூதான் உரசியிருக்கிறது. அப்படியும் பிடித்தால் செயினைப் பாருங்கள். வீணைத் தந்தி போல விறைப்பாக இருக்கக் கூடாது; கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் அசைய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் காலர். சக்கரத்தை உருவும்போது அது சத்தமில்லாமல் கீழே விழுந்து உருண்டுவிடும். இடது வலது மாறியும் போயிருக்கலாம். கடைக்கே திரும்பப் போய், மண்ணில் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். நான் அப்படித் தேடிக் கண்டெடுத்தது உண்டு.

இறுக்குவதிலும் ஒரு வரிசை உண்டு. செயின் அட்ஜஸ்டரின் கோடுகளை இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வைத்துவிட்டு நட்டைக் கையால் போடுங்கள். பிறகு ஒருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அந்த நிலையில் முறுக்குங்கள். ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும்போது ஷூக்களைத் தாங்குகிற தட்டான பிரேக் பிளேட் தானாக நடுவுக்கு வந்துவிடும். பாதி உரசல் தொல்லை இந்த ஒரு காரியத்திலேயே தீரும்.

இன்னொன்று. பிரேக் பிளேட்டையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கிற கம்பியின் போல்ட்டையும் நட்டு கழலாமல் ஓட்டையில் கோக்கிற காட்டர் பின்னையும் மாட்டினாரா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். அந்தப் போல்ட் இல்லாமல் பிரேக் பிடித்தால் பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், ராடு முறுக்கிக்கொள்ளும், ஓடுகிற வண்டியில் பின் சக்கரம் பூட்டிவிடும். ஒருமுறை அப்படி வளைந்த ராடோடு பட்டறைக்கு ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓட்டியவருக்கு முழங்கை மட்டும்தான் உரிந்திருந்தது, அவர் நேரம் நல்ல நேரம்.

கேள்வி: அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரென்ச் என்னிடம் இல்லை. ஸ்பேனரில் காலால் ஏறி மிதித்து இறுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. 100 முதல் 150 சிசி வண்டிகளின் பின் ஆக்சில் நட்டுக்குப் பொதுவாக 50 முதல் 70 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) போதும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். 60 என்று வைத்துக்கொண்டால், ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ இழுப்பு. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம்தான். 60 கிலோ ஆள் அதே ஸ்பேனரில் ஏறி நின்றால் மூன்று மடங்கு. மரை நீண்டு போகும், அடுத்த முறை பஞ்சர் ஆனால் கழற்றவும் வராது.

ஆக்சில் தண்டில் லேசாக கிரீஸ் தடவுங்கள், மரையில் வேண்டாம். மரையில் கிரீஸ் இருந்தால் அதே இழுப்புக்கு நட்டு அதிகமாக இறங்கும். காட்டர் பின் போடும் வகை நட்டாக இருந்து ஓட்டை நேராக வரவில்லை என்றால், கொஞ்சம் கூட இறுக்கி நேராக்குங்கள், பின்வாங்காதீர்கள். காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிது. விலை ஒரு டீ காசுகூட இருக்காது. நைலான் வளையம் உள்ள நட்டு கையாலேயே முழுதும் சுற்றி இறங்கினால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: முன் சக்கரத்துக்கும் இதே முறைதானா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஏறக்குறைய. டிரம் பிரேக்காக இருந்தால், முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் உள்ள முட்டு, பிரேக் பிளேட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நட்டைத் தொடுங்கள். ஆக்சிலைக் கவ்வுகிற சின்ன போல்ட் உள்ள வண்டி என்றால், ஆக்சிலை இறுக்கியதும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நாலு தடவை கீழே அழுத்தி விடுங்கள். போர்க் கால்கள் தம் இடத்துக்கு வரும். அந்தச் சின்ன போல்ட் கடைசியாகத்தான். டிஸ்க் பிரேக் என்றால், வண்டியை எடுக்குமுன் லீவரை நாலைந்து முறை அழுத்திக் கெட்டியாக வருகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைக் கவ்வுகிற பேட் விலகியிருந்தால் முதல் பிடியில் பிரேக்கே இருக்காது.

எல்லாம் முடிந்ததும் நட்டிலிருந்து ஸ்விங் ஆர்ம் வரை நகப்பூச்சில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்கலாம். என் வண்டியில் சிவப்புக் கோடு. வீட்டில் கேட்காமல் எடுத்தது.