ஒரே சாவியில் ஓடும் மைவி

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். எங்கள் பழைய மைவி காரின் ரிமோட் சாவி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தொலைந்துவிட்டது. கைவசம் இன்னொரு சாவிதான் இருக்கிறது. ஈப்போ சர்வீஸ் சென்டரில் புதுச்சாவிக்கு 650 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். நம் ஊர்ச் சாவிக் கடைக்காரர் 280 வெள்ளிக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். கடன் அட்டையில் போடலாமா, ஊழியர் சேமநிதியில் (EPF) எடுக்கலாமா? "ஒரு சாவி இருக்கே, தீபாவளி போனஸ் வரட்டும்" என்கிறார் மாமியார்.

பதில்: பண விஷயத்தில் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதில் மட்டும் இல்லை, சகோதரி.

சாவியின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. அதன் குறியீடு காரின் கணினிப் பதிவோடு பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும். வெறும் சாவியை வெட்டிக்கொண்டால் கதவு திறக்கும், அவ்வளவுதான். கையில் ஒரு சாவி இருக்கும்போது அதை வைத்தே இன்னொன்றைப் பதிந்துவிடலாம். அதுவும் தொலைந்தால், வண்டியை இழுத்துப் போகவோ ஆளை வரவழைக்கவோ வேண்டும், கணினியிலும் கைவைக்க வேண்டியிருக்கும். செலவு அப்போது இரு மடங்கோடு நிற்காது. போனஸ் வரை காத்திருப்பதில் நீங்கள் சேமிப்பது ஒன்றுமில்லை.

சரி, 650ஆ 280ஆ? கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இருக்கும் சாவியின் சிப்பை நகலெடுக்கிறாரா, புது சிப்பைக் காரில் பதிகிறாரா? நகல் மலிவு. ஆனால் பதியும்போதுதான் தொலைந்த சாவியைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்ல முடியும். சாவி விழுந்தது சந்தைக் கூட்டத்தில். உங்கள் காரும் பக்கத்திலேதான் நின்றிருக்கும். ஆகவே நீக்கித் தருபவருக்கே காசு கொடுங்கள். பொத்தான் வேண்டாம், சிப் சாவி போதும் என்றால் விலை இன்னும் இறங்கும். கதவைச் சாவியால் திறந்து பழகிய தலைமுறைதானே நாம்!

அடுத்த பில்லை முழுதாகக் கட்ட முடிந்தால் கடன் அட்டை பரவாயில்லை. 650ஐப் போட்டு மாதம் 50 வெள்ளி கட்டினால், 18 விழுக்காட்டு வட்டியில் 15 மாதம் இழுக்கும், வட்டி மட்டும் 70 வெள்ளியைத் தாண்டும். அதைவிட சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கு மேல். 2024 மே மாதம் தொடங்கிய அந்த 3ஆம் கணக்கில் 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். 2024க்கான ஈவுத்தொகை 6.3 விழுக்காடு, 280 எடுத்தால் ஓர் ஆண்டில் கைவிட்டுப் போகும் ஈவு ஏறக்குறைய 18 வெள்ளி. அப்புறம், கூட்டுப் பணத்தை, அதாவது சீட்டுப் பணத்தை, முன்கூட்டியே கேட்டு வாங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். கூட்டு நடத்துவதை 1971லேயே சட்டம் தடை செய்துவிட்டது. தகராறு வந்தால் போய் நிற்க இடமில்லை.

போகும்போது காரின் கிராண்டையும் (பதிவுச் சான்றையும்) அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்க்காமலே சாவி செய்து தரும் கடை என்றால், திரும்பி வந்துவிடுங்கள்.