‘உடையாத ஃபைபர்’ சூட்கேஸ் செட்டை வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் வேலை. மாதம் இரண்டு முறை விமானத்தில் மும்பை அல்லது டெல்லி போகிறேன். சொந்த ஊர் சேலம் என்பதால் மடிவாளாவில் பஸ் ஏறுவதும் அடிக்கடி உண்டு. இரண்டு வருடத்தில் இரண்டு டிராலி சூட்கேஸ் வீணாகிவிட்டது. ஒன்றில் சக்கரம் கழன்றது, இன்னொன்றில் இழுக்கும் கைப்பிடி இறங்க மறுக்கிறது. எடை குறைவாக, நாலைந்து வருடம் உழைக்கும்படி எதை வாங்கலாம்? சிக்பேட்டில் மூன்று பெட்டி செட் 4,999 ரூபாய், ‘உடையாத ஃபைபர்’ என்கிறார்கள். என் பட்ஜெட்டும் 5,000தான்.

பதில்: அந்த செட்டை வாங்காதீர்கள். மூன்று பெட்டி 4,999 என்றால் ஒன்றுக்குச் சுமார் 1,650 ரூபாய். மொத்த வியாபாரி லாபம், கடைக்காரர் லாபம், வரி, லாரி வாடகை எல்லாம் போக சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் என்ன மிஞ்சும்? உங்கள் இரண்டு பெட்டியும் அந்த இரண்டு இடத்தில்தான் போயிருக்கின்றன. பெட்டியின் வெளி ஓடு உடையவில்லை. ‘உடையாத’ ஓட்டுக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? அதோடு, செட்டில் வரும் பெரிய பெட்டி பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் இருக்கும். உள்நாட்டு விமானத்தில் செக்-இன் சாமான் பொதுவாக 15 கிலோதான் இலவசம். அந்தப் பெரிய பெட்டியை நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டிவிடும். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

‘எம்.ஆர்.பி. 12,000, இன்று மட்டும் 70 சதவீதம் தள்ளுபடி’ என்ற அட்டையையும் நம்பாதீர்கள். இந்தத் தொழிலில் எம்.ஆர்.பி. அச்சடிக்கப்படுவதே தள்ளுபடி காட்டத்தான். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. கடையிலும் ஆன்லைனிலும் வருடம் முழுக்க அதே ‘இன்று மட்டும்’தான். சட்டம் எம்.ஆர்.பி. போடச் சொல்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டிய விஷயங்கள், அதாவது காலிப் பெட்டி எத்தனை கிலோ, ஓடு எந்தப் பிளாஸ்டிக், சக்கரத்தை மாற்ற முடியுமா என்பவை, பாதி டேக்குகளில் இருப்பதில்லை. இதைக் கட்டாயமாக்க ஏன் யாருக்கும் மனசில்லை என்பது விளங்கவில்லை.

கடைக்குப் போனால் பெட்டியைத் திறந்து, உள் துணியில் ஜிப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜிப் இல்லாமல் துணியை ஒட்டியோ தைத்தோ வைத்திருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். நாளைக்கு ரிப்பேர்காரர் துணியைக் கிழித்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். ஜிப் இருந்தால் திறந்து, கைவிட்டுத் துணியை ஒதுக்குங்கள். அடியில் ஒவ்வொரு சக்கரத்தின் கூடும் பெட்டியோடு சேரும் இடம் தெரியும். அங்கே ஸ்டார் தலை ஸ்க்ரூ மூன்று நான்கு இருந்தால் நல்லது. சக்கரம் போனால் ஸ்க்ரூவைக் கழற்றி வேறு மாட்டலாம். ரிவிட் அடித்திருந்தால் அதை டிரில் போட்டு எடுக்க வேண்டும், பலர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். கைப்பிடியின் இரண்டு குழாயும் அடியில் எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் குழிக்குள் வெறுமனே செருகியிருந்தால் நிறைந்த பெட்டியைப் படியில் இழுக்கும்போது அது பிய்ந்துவிடும்.

கைப்பிடியை முழுக்க இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் இரண்டு குழாயும் சேர்ந்து ஆட வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக முறுக்கிக்கொண்டால் சீக்கிரமே பட்டன் சிக்கும், உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்க் குழாயில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. எடையும் கூடும், மழையில் துருவும் பிடிக்கும். அலுமினியம் ஒட்டாது.

ஓட்டைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஃபைபர் என்றுதான் விற்பார்கள். உள்ளங்கையால் நடுவில் அழுத்தினால் பாலிகார்பனேட்டும் பாலிபுரொப்பிலீனும் உள்ளே போய், கையை எடுத்ததும் எழும்பும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் விறைப்பாக நிற்கும், அடி வாங்கினால் மூலையில் விரிசல் விடும். பாலிகார்பனேட் ஓட்டைச் சூடான தகடாக அச்சில் இழுத்துச் செய்வார்கள். அந்த இழுப்பில் மூலைகள்தான் மெலிந்துபோகும். அதனால் கட்டைவிரலால் மூலையை அழுத்திப் பாருங்கள். ஒரே கம்பெனி மூன்று வகையையும் விற்கும், பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

அளவுக்கும் எடைக்கும் வருவோம். கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் கேபின் பெட்டிக்கு இண்டிகோவின் அளவு 55 x 35 x 25 செ.மீ., ஏர் இந்தியாவுடையது 55 x 40 x 20. இரண்டிலும் தடையில்லாமல் போக 55 x 35 x 20-க்குள் வாங்குங்கள். இதில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்தி. டேக்கில் பல சமயம் ஓட்டின் அளவை மட்டும் போட்டிருப்பார்கள், டேப் வைத்து அளந்துவிடுங்கள். எடை வரம்பு 7 கிலோ. காலிப் பெட்டியே 3.2 கிலோ என்றால் உங்கள் துணிக்கு 3.8 கிலோதான் மிஞ்சும். 2.3 முதல் 2.7 கிலோ சரியான எடை. ஆனால் கெட்டி ஓடு போட்ட பெட்டி 2 கிலோவுக்கும் கீழே, விலையும் மலிவு என்றால் சந்தேகப்படுங்கள். குழாயிலும் சக்கரக் கூட்டிலும்தான் குறைத்திருப்பார்கள். தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். விரித்துப் பெரிதாக்கும் கூடுதல் ஜிப் கேபின் பெட்டியில் வேண்டாம். விரித்தால் அளவு மீறும், விரிக்காவிட்டால் வீண் எடை.

இப்போது சக்கரம். விமானத்தில் மட்டும் போகிறவருக்கு நான்கு சக்கரம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன், காரணம் மடிவாளா. நான்கு சக்கரப் பெட்டியில் ஒவ்வொரு சக்கரமும் ஒரு செங்குத்துக் கம்பியில் சுழல்கிறது, பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கிறது. விமான நிலையத் தரைக்கு அது அருமை. பெங்களூரு நடைபாதையில் கல் இடுக்கில் சக்கரம் மாட்டும். உடனே பெட்டியைச் சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுப்பீர்கள். நேராக நிற்கும் பாரத்துக்காகச் செய்த கம்பி சாய்ந்த பாரத்தில் வளையும். பஸ்ஸின் அடி டிக்கியில் பெட்டியைப் படுக்கப்போட்டு மேலே நாலு மூட்டை அடுக்குவார்கள், பாரம் நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் பக்கவாட்டில் விழும். உங்கள் முதல் பெட்டி அப்படித்தான் போயிருக்க வேண்டும். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் மூலைக்குள் பாதி புதைந்திருக்கும், குறுக்கு அச்சில் மட்டும் உருளும், சுழலும் கம்பியே கிடையாது. கையில் பாரம் கொஞ்சம் தெரியும். 7 கிலோவுக்கு அது பொருட்டில்லை.

எனவே உங்களுக்கு இரண்டு சக்கர, 55 செ.மீ. பெட்டி, அதுவும் கெட்டி ஓடு இல்லாமல் துணியால் செய்தது. நான்கு சக்கரத்தில்தான் விலை ஏறுகிறது என்பதால் கடைக்காரர்கள் இதை முன்னால் வைப்பதில்லை. கேட்டு வாங்குங்கள், உள்ளே இருக்கும். துணியின் டெனியர் எண், அதாவது நூலின் தடிமன், 600 என்றால் சாதாரணம், 1200-க்கு மேல் நல்லது, 1680 உறுதி. உள்பக்கம் தண்ணீர் புகாத பூச்சு இருக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் ஒவ்வொரு மூலையிலும் இரட்டைச் சக்கரம் வைத்த நான்கு சக்கரப் பாலிபுரொப்பிலீன் பெட்டி. அப்போது நடைபாதையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள், டிக்கியில் சக்கரம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நீங்களே வையுங்கள்.

எதுவானாலும் டேக்கில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். மெத்தென்ற பாலியூரித்தேன் சக்கரம் ஈரக் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்தால் உருட்டாமலே பொடியாக உதிரும். ஜிப் ரன்னரின் பின்பக்கம் 8 அல்லது 10 என்று எண் இருக்க வேண்டும், 5 போதாது. ஜிப் பல் விரிந்தால் பெரும்பாலும் ரன்னர்தான் தேய்ந்திருக்கும், முழு ஜிப்பையும் மாற்றச் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். மாதம் ஒருமுறை அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் கத்தரியால் எடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியை இழுத்து அடைத்துக்கொள்ளும்.

செக்-இன் செய்த பெட்டி உடைந்து வந்தால் வெளியே வருவதற்கு முன்பே, சாமான் வரும் பெல்ட் பக்கத்தில் இருக்கும் விமான நிறுவனக் கவுன்டரில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். ‘சக்கரமெல்லாம் தேய்மானம் சார், எழுத முடியாது’ என்பார்கள். எழுதச் சொல்லி நில்லுங்கள். பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போகாவிட்டால் பிறகு வழக்கும் நிற்காது. செக்-இன் செய்யும்போது கவுன்டரில் ஒரு சின்ன டேக்கைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். பெட்டி ஏற்கெனவே சேதம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் டேக்காக அது இருக்கலாம். கம்பெனி வாரண்டியோ பொதுவாக விமானத்தில் ஆன சேதத்தை ஏற்காது. விமானக்காரர் பெட்டியைக் குறை சொல்வார், பெட்டிக்காரர் விமானத்தைக் குறை சொல்வார், நடுவில் நிற்பது பணம் கொடுத்தவர். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட இன்னும் யாரும் ஒரு வழி செய்யவில்லை.

வாரண்டி ரிப்பேருக்கு கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். கம்பெனி ஆள்போலப் பேசி, ‘பிக்-அப் கட்டணம்’ என்று லிங்க் அனுப்பிக் கணக்கைத் துடைக்கும் கும்பல் அங்கேதான் காத்திருக்கிறது. டேக்கிலேயே நுகர்வோர் தொடர்பு எண் இருக்கும். அதை வாங்கிய அன்றே பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அந்த எண்ணில் வேலை நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்.