நகையை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: மகள் கல்யாணத்துக்காகப் போன தை மாதம் கும்பகோணத்தில் 5 பவுன் சங்கிலி வாங்கினோம். பில்லில் 916 என்று இருக்கிறது. சம்பா நடவுச் செலவுக்கு அடகு வைக்கப் போனபோது, மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துவிட்டு 18 கேரட்தான் தேறும் என்றார். கடையில் கேட்டால், "செம்பு சேர்க்காமல் நகை செய்ய முடியுமா? கொடுங்கள், உருக்கிப் புதுசாகச் செய்து தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சங்கிலிதான் உங்கள் சாட்சி. உருகிவிட்டால் வழக்கும் அதோடு போச்சு.

செம்பு சேர்க்க வேண்டும் என்பது உண்மைதான். சுத்தத் தங்கம் வளைந்துவிடும். ஆனால் 916, அதாவது 22 கேரட் என்றாலே, ஆயிரத்தில் 84 பங்கு செம்பும் வெள்ளியும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். 18 கேரட்டில் அது 250 பங்கு. உங்கள் 40 கிராமில் 36.64 கிராம் தங்கம் இருக்க வேண்டும். 18 கேரட் என்றால் 30 கிராம்தான். குறைவது 6.64 கிராம், முக்கால் பவுனுக்கும் மேல்!

ஆனால் உரைகல்லை மட்டும் நம்பி வழக்குக்குப் போக முடியாது. பற்றவைத்து இணைத்த இடத்தில் உரசியிருந்தால் மாற்று (தங்கத்தின் சுத்தம்) குறைத்துத்தான் காட்டும். முதலில் கொக்கிப் பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் (அந்த நகைக்கே உரிய அடையாள எண்) மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் கட்டாயம். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த வகை நகை, எந்த மாற்று என்று வரும். சங்கிலிக்குப் பதில் மோதிரம் என்று வந்தால் அது வேறு நகையின் எண், உடனே பிஐஎஸ்ஸுக்குப் புகார் கொடுங்கள். அப்புறம் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

ஹால்மார்க் நகையில் மாற்று குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்கிறது 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதி 49. கடை மறுத்தால் வக்கீல் நோட்டீஸ், பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சங்கிலியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. கெடு இரண்டு வருஷம். வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது.

கடையில் பில் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.