மதுரை கீழவெளி வீதி மரியன்னை கோயிலை ஏன் ‘கதீட்ரல்’ என்கிறோம்?

கதீட்ரல் என்றால் ஆயரின், அதாவது பிஷப்பின், இருக்கை உள்ள கோயில். லத்தீனில் ‘கத்தீட்ரா’ என்பது நாற்காலி. ஆயர் அங்கே அமர்ந்து போதிப்பதால், அவர் பொறுப்பில் உள்ள பகுதியான மறைமாவட்டத்துக்கே அது தாய்க்கோயில். கலெக்டர் உட்காரும் இடம் எதுவோ அதுதானே கலெக்டர் ஆபீஸ், அப்படித்தான்.

மதுரையில் நாற்காலிக்கு முன்பே கோயில் வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. மகனை இழந்து துயருறும் தாயான வியாகுல அன்னைக்கு, பிரெஞ்சு இயேசு சபைக் குரு கார்னியே 1841-இல் சிறிதாகக் கட்டினார். வீதியில் போகும்போது நாம் அண்ணாந்து பார்க்கிற இரட்டைக் கோபுரக் கட்டடம் 1916 வாக்கில் எழுந்தது. மதுரை மறைமாவட்டம் உருவானதோ 1938-இல்தான்!

பெரிய, பிரபலமான தேவாலயமெல்லாம் கதீட்ரல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: வேளாங்கண்ணி ஒரு பசிலிக்கா, அதாவது போப் சிறப்புப் பட்டம் தந்த கோயில்; அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது.