ஒரே வேன், இரண்டு சட்டங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் பெடெக்ஸ் பார்சல் நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் (விமானவழி), கிரவுண்ட் (தரைவழி) பிரிவுகள் ஒன்றாகிவிட்டன என்று படித்தேன். என் அக்காள் மகன் ஓஹாயோ மாநிலத்தில் கிரவுண்ட் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேன் ஓட்டுகிறார். இனி அவர் பெடெக்ஸ் ஊழியரா? அவர் சங்கம் சேர விரும்பினால் எந்தச் சட்டம் பொருந்தும்?

பதில்: அவர் பெடெக்ஸ் ஊழியர் ஆகிவிடவில்லை. 2024 ஜூன் 1 அன்று கிரவுண்ட் நிறுவனம் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கார்ப்பரேஷனுக்குள் சட்டப்படி இணைக்கப்பட்டது, 'நெட்வொர்க் 2.0' என்ற திட்டத்தின்கீழ் இரு பிரிவுகளின் கிடங்குகளும் வழித்தடங்களும் ஊர் ஊராக ஒன்றாக்கப்பட்டு வருகின்றன. ஒன்றானவை நிறுவனமும் பார்சல்களும்தான். உங்கள் அக்காள் மகனை வேலைக்கு எடுப்பவரும், சம்பளம் தருபவரும், தேவையானால் நீக்குபவரும் அந்த ஒப்பந்ததாரர் என்பதால், சட்டத்தின் பார்வையில் அவரே முதலாளி. நேற்றுவரை தரைவழிப் பார்சல் மட்டும் ஏறிய வேனில் இன்று விமானத்தில் வந்த அவசரப் பார்சலும் ஏறுகிறது என்பதற்காக இது தானாக மாறிவிடாது.

ஆகவே அவருக்குப் பொருந்துவது 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம். இதன்படி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் அந்த ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் ஓட்டுநர்களில் 30 சதவீதம் பேர் சங்கம் வேண்டும் என்ற ஒப்புதல் அட்டையில் கையெழுத்திட்டால் தேசியத் தொழிலுறவு வாரியத்திடம் தேர்தல் கேட்கலாம். பதிவான வாக்குகளில் பெரும்பான்மை கிடைத்தால் சங்கம் அங்கீகாரம் பெறும். நாட்டின் மற்ற மாநில ஓட்டுநர்களைத் திரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் இணைப்புக்குப் பிறகு ஓர் ஆபத்து இருப்பதாக நான் கருதுகிறேன். ஒப்பந்தத்தின் மறுமுனையில் இப்போது இருப்பது விமானப் போக்குவரத்து நிறுவனமாகச் சட்டத்தில் ஏற்கப்பட்ட அதே ஃபெடரல் எக்ஸ்பிரஸ். விமான நிறுவன ஊழியர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை ஒப்பந்ததாரரின் ஆட்கள் செய்கிறார்கள், அவர்களை விமான நிறுவனமே நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டுப்படுத்துகிறது என்ற இரண்டும் நிறுவப்பட்டால், ஒப்பந்ததாரரும் ரயில், விமான நிறுவனங்களுக்கான ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் வரக்கூடும். அச்சட்டத்தில் சங்கம் அமைப்பது கடினம்; ஏன் என்பதை அடுத்த பதிலில் காண்க. சங்கத்தைத் தள்ளிப்போட விரும்பும் ஒப்பந்ததாரர் யாரேனும் இந்த வாதத்தை எழுப்பலாம். அப்படி எழுப்பினால், ஓட்டுநர்களைப் பெடெக்ஸ் கட்டுப்படுத்துகிறது என்பதை அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சொல் ஓட்டுநர்களுக்கு எப்படிப் பயன்படும் என்பதைக் கடைசிக் கேள்வியில் விளக்குகிறேன்.

கேள்வி: பெடெக்ஸின் போட்டிப் பார்சல் நிறுவனமான யு.பி.எஸ். ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். பெடெக்ஸ் எக்ஸ்பிரஸ் ஓட்டுநர்களுக்குச் சங்கமே இல்லை. வேலை ஒன்றுதானே, சட்டம் ஏன் வேறுபடுகிறது?

பதில்: இந்த வேறுபாடு வேலையின் தன்மையிலிருந்து வந்தது அன்று, இரு நிறுவனங்களும் பிறந்த விதத்திலிருந்து வந்தது. யு.பி.எஸ். 1907இல் சியாட்டிலில் செய்தி, பொருள்களைக் கொண்டுசேர்க்கும் தொழிலாகத் தொடங்கித் தரைவழியில் வளர்ந்தது. விமானங்கள் பின்னால் வந்தன. அதன் விமானிகள் ரயில்வே தொழிலாளர் சட்டத்திலும் ஓட்டுநர்கள் தேசியத் தொழிலுறவுச் சட்டத்திலும் இருக்கிறார்கள். ஃபெடரல் எக்ஸ்பிரஸ் 1973இல் மெம்பிஸ் நகரில் விமான நிறுவனமாகவே பறக்கத் தொடங்கியது. வேன்கள் அந்த விமானங்களின் நீட்சியாகக் கருதப்பட்டன. 1998இல் அது விலைக்கு வாங்கிய தரைவழி நிறுவனமே பின்னர் பெடெக்ஸ் கிரவுண்ட் ஆயிற்று. ஒரே பெயருக்குள் இரண்டு சட்டங்கள் குடியேறியது அப்போதுதான்.

ரயில்வே தொழிலாளர் சட்டம் 1926இல் இயற்றப்பட்டது. 1936இல் விமான நிறுவனங்களும் அதில் சேர்க்கப்பட்டன. பெடெக்ஸின் வேன் ஓட்டுநர்களையும் உள்ளே வைத்திருக்க உதவக்கூடிய, ரயில் யுகத்தின் 'எக்ஸ்பிரஸ் கம்பெனி' என்ற சொல் அச்சட்டத்தில் இருந்தது. 1995இல் அச்சொல் நீக்கப்பட, அடுத்த ஆண்டே ஒரு விமானத் துறை மசோதாவுக்குள் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. செனட் அவையில் எட்வர்ட் கென்னடி கடுமையாக எதிர்த்தும் மசோதா நிறைவேறியது. 2009இல் பிரதிநிதிகள் அவை, விமானப் பணியோடு நேரடித் தொடர்பில்லாத ஊழியர்களைத் தொழிலுறவுச் சட்டத்துக்கு மாற்றும் பிரிவை நிறைவேற்றியது. 2012இல் இறுதியாக வந்த சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. வீதியில் ஒரே வேலை செய்யும் இரண்டு ஓட்டுநர்களின் உரிமை, பழைய சட்டமொன்றின் ஒரு சொல்லைப் பற்றிய வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் மனத்தை உறுத்தும் செய்தி.

ரயில்வே சட்டத்தின்கீழ் ஒரு கிடங்கு மட்டும் தனியாகச் சங்கம் அமைக்க முடியாது. ஒரே வகை வேலை செய்யும் ஊழியர்கள் நாடு முழுவதும் சேர்ந்தே வாக்களிக்க வேண்டும். தேர்தல் கேட்கவே அவர்களில் பாதிப்பேரின் ஒப்புதல் அட்டைகள் வேண்டும். இந்த 50 சதவீத நிபந்தனையும் அதே 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்ததுதான். ஒப்பந்தப் பேச்சு முறிந்தாலும் உடனே வேலைநிறுத்தம் செய்ய இயலாது. இச்சட்டத்தின்கீழ் சமரசம் பேசும் தேசிய மத்தியஸ்த வாரியம், பேச்சுவார்த்தை இனிப் பயனற்றது என்று இருதரப்பையும் விடுவித்து, அதன்பின் 30 நாள் கழிய வேண்டும். அதற்குள் அதிபர் அவசரக் குழு ஒன்றை அமைத்தால் காத்திருப்பு இன்னும் நீளும்.

கேள்வி: கிரவுண்ட் கிடங்குகளில் நேரடி ஊழியர்களாக இருந்தவர்கள் இணைப்பால் என்ன ஆவார்கள்?

பதில்: உங்கள் கேள்வி பலர் கவனிக்காத இடத்தைத் தொடுகிறது. ஒப்பந்த ஓட்டுநர்களின் முதலாளி மாறவில்லை; கிடங்கில் பார்சல் பிரிக்கும் நேரடி ஊழியர்களின் முதலாளியோ மாறிவிட்டார். முன்பு அவர்கள் தரைவழி நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதால், தங்கள் கிடங்கில் மட்டும் தேர்தல் கேட்கும் வழி அவர்களுக்குத் திறந்திருந்தது. இன்று அவர்களுடைய முதலாளி ஃபெடரல் எக்ஸ்பிரஸ். அவர்களும் ரயில்வே சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று நிறுவனம் வாதிட இடமுண்டு. அந்த வாதம் ஏற்கப்பட்டால், அவர்கள் எக்ஸ்பிரஸ் பிரிவில் அதே வேலை செய்பவர்களோடு சங்கத்துக்காக வாக்களிக்கும் நாடளாவிய ஒரே தொகுதியில் கரைந்துவிடுவார்கள்.

அப்படிக் கரைவதன் பொருளை விமானத் துறை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2008இல் டெல்டா விமான நிறுவனம் நார்த்வெஸ்ட் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நார்த்வெஸ்ட் பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் பல்லாண்டுகளாகச் சங்கம் இருந்தது, டெல்டாவில் இல்லை. 2010இல் இருதரப்பும் ஒரே தொகுதியாக வாக்களித்தபோது சங்கம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. தாங்கள் வெளியேற்ற விரும்பாத சங்கத்தை நார்த்வெஸ்ட் ஊழியர்கள் அன்று இழந்தார்கள்.

சிறிய தொகுதியின் பயனுக்குப் பெடெக்ஸ் குடும்பத்திலேயே சான்று உண்டு. தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் வரும் பெடெக்ஸ் சரக்குப் பிரிவில், 2014இல் பென்சில்வேனியாவின் கிராய்டன் கிடங்கு ஓட்டுநர்கள் தனியாக வாக்களித்து டீம்ஸ்டர்ஸ் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வெற்றி நிலைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வாக்களிக்கும் வாய்ப்பாவது அவர்களுக்கு இருந்தது.

கேள்வி: நாங்கள் பெடெக்ஸ் கிரவுண்ட் ஒப்பந்ததாரர் ஒருவரின் 40 ஓட்டுநர்கள். சங்கம் அமைத்தால் பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடும் என்று மிரட்டுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். முன்பு கிரவுண்ட் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்றே பெடெக்ஸ் சொல்லிவந்தது. தொழிலுறவு வாரியம் அவர்களை ஊழியர்கள் என்று கூறியபோதும், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இலும் 2017இலும் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியா வழக்கில் 2014இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மாறாக, அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்த பிறகு, நிறுவனம் கோடிக்கணக்கான டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இன்று நீங்கள் ஒப்பந்ததாரரின் முழு ஊழியர்கள். சங்க உரிமை தெளிவாகவே உண்டு. ஆனால் கட்டணத்தையும் வழித்தடத்தையும் தீர்மானிப்பவர் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை.

அவரை மேசைக்கு அழைத்துவர இருக்கும் வழி 'கூட்டு முதலாளி' கோட்பாடு. பெரிய நிறுவனம் உங்கள் வேலை நிலைமைகளைக் கணிசமாகவும் நேரடியாகவும் கட்டுப்படுத்துவதை நிறுவினால் அதற்கும் உங்கள் சங்கத்தோடு பேரம் பேசும் கடமை உண்டு. இந்த வரையறையை விரிவாக்கி வாரியம் 2023இல் கொண்டுவந்த விதியை டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று 2024 மார்ச்சில் ரத்து செய்தது. எனினும் அதே ஆண்டில், கலிபோர்னியாவின் பாம்டேலில் டீம்ஸ்டர்ஸில் சேர்ந்த ஒப்பந்த ஓட்டுநர்கள் விஷயத்தில் அமேசானைக் கூட்டு முதலாளியாகக் கருத முகாந்திரம் உண்டு என்று வாரியத்தின் வட்டார அதிகாரி முடிவெடுத்தார். முதல் பதிலில் நான் சொன்னபடி, பெடெக்ஸ் கட்டுப்படுத்துகிறது என்று ஒப்பந்ததாரரே சொன்னால் அது உங்களுக்குச் சான்றாகப் பயன்படும் இடம் இதுதான்.

ஒப்பந்தம் கைமாறினால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். புதிய ஒப்பந்ததாரர் அதே தொழிலைத் தொடர்ந்து, தம் ஆட்களில் பெரும்பான்மையோராகப் பழைய ஓட்டுநர்களையே வைத்துக்கொண்டால், அவர் உங்கள் சங்கத்தோடு பேச வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1972இல் வகுத்த நெறி. பழைய ஒப்பந்தத்தின் விதிகள் மட்டும் அவரைக் கட்டுப்படுத்தாது.

நீங்கள் இன்றே தொடங்க வேண்டியது பதிவு. ஸ்கேனர் கருவியில் வரும் கட்டளைகள், நிறுவன அதிகாரி நேரில் சொன்னவை, மிரட்டலின் தேதி, சொன்னவர் பெயர், உடனிருந்தவர்கள் ஆகிய அனைத்தையும் அன்றன்றே எழுதிவையுங்கள். சங்கம் அமையும் முன்பே, சம்பளம் பற்றி உங்களுக்குள் பேசுவதும் சேர்ந்து முறையிடுவதும் சட்டப் பாதுகாப்பு உள்ள செயல்கள். அவற்றுக்காக எவரேனும் தண்டிக்கப்பட்டால், நிகழ்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கெடு கடந்துவிட்டால் எவ்வளவு நியாயமான புகாரும் ஏற்கப்படாது.