ஐந்து வாட் போதும், மலை ஏறுங்கள்! – வாசகர் கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலை உச்சியிலிருந்து கைசெட்டில் (கையில் பிடித்துப் பேசும் வயர்லெஸ் கருவி) திருவனந்தபுரத்து நண்பரோடு பேசியதைச் சென்ற இதழில் நாலு வரி எழுதி, மார்கழி, தையில் நீங்களும் மலையேறிப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதியை நிரப்பிவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அரசு நடத்தும் தேர்வை எழுதி, லைசென்ஸும், கால் சைன் என்ற அடையாளக் குறியீடும் வாங்கி, வியாபார நோக்கமில்லாமல் வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்கள் ஹாம்கள். செட்டையும் பேட்டரியையும் முதுகில் சுமந்து மலையேறிப் பேசுவது அதில் ஒரு கிளை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பாடமெல்லாம் கண்முன்னே நடப்பதை இந்த மலைகளில்தான் பார்க்கிறேன்.

கேள்வி: சார், ஹாம் தேர்வின் முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பாஸாகி லைசென்ஸ் வந்துவிட்டது. ஐந்து வாட் கைசெட் ஒன்று இருக்கிறது. வீட்டு மொட்டை மாடியில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் இல்லை. பெரிய செட்டாக வாங்கு என்கிறார்கள். மருந்துவாழ்மலை ஏறினால் மட்டும் ஆள் கிடைக்குமா? – கல்லூரி மாணவி, வடசேரி

பெரிய செட் வேண்டாம் மக்ளே. அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கு.

உன் கைசெட் வேலை செய்வது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். நடுவில் கட்டடமோ குன்றோ வந்தால் அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்து வாட்டை ஐம்பது வாட் ஆக்கினாலும் அந்தக் குன்று நகரப்போவதில்லை. உயரம் கூடினால் கதை வேறு. நிற்கும் இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1 ஆல் பெருக்கு. உன் அலையின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். தரையில் நிற்கும் உனக்கு ஐந்தாறு கிலோமீட்டர். 100 மீட்டர் உயரத்தில் 41. 400 மீட்டர் உயரத்தில் 82. எதிர்முனையில் இருப்பவரும் மாடியில் கம்பம் நட்டிருந்தால் அவருடைய தொடுவானமும் இதோடு சேரும்.

மருந்துவாழ்மலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் மறைப்பே இல்லை. வடகிழக்கில் பணகுடி, வள்ளியூர் வழியாகத் திருநெல்வேலி வரை வெளி திறந்து கிடக்கிறது. மேற்கே கடற்கரையை ஒட்டித் திருவனந்தபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நேர் வடக்கே மட்டும் மகேந்திரகிரியும் அதன் கூட்டமும் சுவராக நிற்பதால், தென்காசிக்காரரைக் கைசெட்டில் பிடிக்க இந்த மலை உதவாது. வேளிமலை மறைக்கும் ஊர்களிலும் உன் குரல் மங்கலாகத்தான் விழும்.

ஏறுவதற்கு முன் இரண்டு காரியம் செய். செட்டோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவின் அடியில், வெளிப்புற உலோக வளையத்தைத் தொடும்படி 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றைச் சுற்றித் தொங்கவிடு. கால் அலைநீளமுள்ள அந்த வால், கைசெட்டில் இல்லாத மறுபாதி ஆன்டெனாவாக வேலை செய்யும். கேட்கும் தெளிவு கூடுவதை உடனே உணர்வாய். அடுத்து, முந்தின நாளே நண்பர்களுக்கு நேரத்தையும் அலைவரிசையையும் சொல்லிவை. யாரும் செட்டைத் திறக்காத நேரத்தில் எந்த மலையிலிருந்து கூப்பிட்டும் பயனில்லை. மாடியில் உனக்குப் பதில் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தனியாகப் போகாதே, இரண்டு மூன்று பேராகப் போங்கள். அடிவாரத்துப் பொற்றையடியிலிருந்து விடிகிற வெளிச்சத்தில் ஏறத் தொடங்கினால் வெயில் பாறையைச் சுடுவதற்குள் இறங்கிவிடலாம். லைசென்ஸ் நகல் பையில் இருக்கட்டும். அருகிலுள்ள காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடு. இது கடலோர மாவட்டம். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி ராக்கெட் சோதனை மையமும் பக்கத்தில் இருக்கின்றன. உச்சியில் கம்பம் நட்டு வயர்லெஸ்ஸில் பேசுகிறவரைப் பார்த்து யாராவது விசாரித்தால் அது நியாயமான விசாரணைதான். லைசென்ஸில் எழுதிய முகவரியை விட்டு வெளியே இயக்குவதற்கு உள்ள நிபந்தனைகளையும் ஒரு தடவை வாசித்துவிட்டுக் கிளம்பு.

கேள்வி: மழையும் பனியுமான காலத்தில் ஏன் மலைக்குப் போகச் சொல்கிறீர்கள்? கோடையில் போனால் என்ன? – மின்வாரிய ஓய்வூதியர், தக்கலை

அண்ணாச்சி, நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கம்பத்தை நிற்கவிடாது; முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அதனால்தான். சித்திரை, வைகாசியில் மதியம் தாண்டினால் இடி. ஐப்பசி, கார்த்திகையில் பாறை வழுக்கும், மறுபடியும் இடி. மார்கழிப் பாதியிலிருந்து மாசி வரைதான் காற்றும் வானமும் நமக்கு இடம் கொடுக்கின்றன.

அலைக்கும் அதுவே நல்ல காலம். 7 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் கேட்கும் சடசடப்பில் பெரும்பங்கு எங்கோ விழும் மின்னலிலிருந்து வருவது. மார்கழி, தையில் இடிமழை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நகர்ந்துவிடுவதால் செட்டில் அமைதி கூடும். சுமந்துபோகும் சிறிய செட்டின் மெல்லிய குரலும் அந்த அமைதியில் எடுபடும்.

இன்னொன்று நம்ம கடலுக்கே உரியது. வாடைக்காற்று வீசும் தெளிந்த நாட்களில் மன்னார் வளைகுடாவின் மேல் ஈரக்காற்று தாழ்வாகப் படுத்திருக்க, அதன்மேல் வறண்ட காற்று வந்து நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் 145 மெகாஹெர்ட்ஸ் அலை வளைந்து, கடலை ஒட்டியே வெகுதூரம் போகும். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்றைக்கு 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கைக் கால் சைன் காதில் விழ வாய்ப்புண்டு. இந்தக் காற்றுப் பாதை தாழ்வாக அமைந்தால் மலையுச்சி அதற்கு மேலே போய்விடும்; உச்சியில் கேட்காதது கன்னியாகுமரிக் கரையில் கேட்கும். ஆகவே ஏறும்போது பாதி வழியிலும் நின்று கேட்டுப் பாருங்கள்.

பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலேயே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அந்த மீனவ ஊரைத் தேர்ந்தெடுத்ததே காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால்தான். பகலில் நமக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சூரியன் மறைந்ததும், வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் மின்னூட்டமுள்ள மேல் காற்றடுக்கான அயனிமண்டலம் மேலெழும்பி, சில இரவுகளில் குமிழ்குமிழாகக் கலைந்துபோகும். அப்போது தொலைதூரக் குரல்கள் நடுங்கிக்கொண்டு வரும். சூரியன் துடிப்பாக இருக்கும் ஆண்டுகளில், பங்குனியையும் புரட்டாசியையும் ஒட்டி இது மிகுதி. வேறு ஊர் ஹாம்கள் புத்தகத்தில் படிப்பதை நாம் காதால் கேட்கிறோம்! மின்வாரியத்தில் இருந்தவர் நீங்கள், இதை ரசிப்பீர்கள்.

கேள்வி: உச்சியில் மரமே இல்லை. பாறையில் முளையும் அடிக்க முடியாது. ஆன்டெனாவை எப்படிக் கட்டுவது? – வாசகர், அகஸ்தீஸ்வரம்

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கவலையே இல்லை. இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பூட்டி மூன்று கம்பியுள்ள யாகி ஆன்டெனா (ஒரே திசையில் அலையைக் குவிப்பது) செய்துகொள்ளுங்கள். கையில் பிடித்துத் திருப்பினால் போதும்.

7 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் பாடுபட வேண்டும். நடுவில் கேபிள் சேர்த்து இரண்டு பக்கமும் வயர் நீளும் டைபோல் ஆன்டெனா வேண்டும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அதன் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10. ஆறேழு மீட்டர் தூண்டில் கம்பு ஒன்றை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்க வயர்களையும் கூடாரம்போல் சரித்துவிடுங்கள். கம்பு கண்ணாடி இழையில் செய்ததாக இருக்கட்டும். கார்பன் கம்பில் மின்சாரம் ஓடும். அது வயரின் அளவைக் குலைத்துவிடும். முளைக்குப் பதில் காலிச் சாக்கு மூன்று நான்கு கொண்டுபோங்கள். மேலே கிடக்கும் கல்லை நிரப்பிக் கயிற்றைக் கட்டினால் நல்ல காற்றுக்கும் அசையாது. இறங்கும்போது கல்லை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஆன்டெனா தாழ்வாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். தாழ்ந்த டைபோல் அலையை நேர்மேலே அனுப்பும். அது அயனிமண்டலத்தில் பட்டு நம்மைச் சுற்றி முன்னூறு நானூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். மதுரை, கோவை, கொச்சி எல்லாம் அந்த வட்டத்தில்தான். மகேந்திரகிரிச் சுவர் இதற்குத் தடையே இல்லை.

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 6 ஆம்பியர்-மணி போதும், முக்கால் கிலோதான் வரும். அதே அளவு பழைய லெட்-ஆசிட் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். மார்கழிப் பனியும் உப்புக்காற்றும் சேர்ந்து கனெக்டரைப் பச்சையாக்கிவிடும். மேலே போனதும் ரப்பர் டேப் சுற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவையுங்கள்.

கோயில் சுவரிலோ விளக்குத் தூணிலோ எதையும் கட்டாதீர்கள். அது அனுமார் சஞ்சீவி மலையைக் கொண்டுபோனபோது விழுந்த துண்டு என்று நம்பி ஏறுகிற மலை. நாராயண குரு தவம் இருந்த குகையும் அங்கேதான். வருகிறவர் வழியில் கயிறு குறுக்கே போனால் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். இடிச்சத்தம் லேசாகக் கேட்டாலும் கேபிளைக் கழற்றிக் கம்பைப் படுக்கப் போட்டுவிட்டு இறங்குங்கள். பேசிக்கொண்டிருந்தவரிடம் விடைபெற்று முடிக்கக்கூட நிற்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டில் பனிக்கால மலைக்கு அதிகப் புள்ளி தருகிறார்களாமே? – வாசகர், மார்த்தாண்டம்

ஆமாம். 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கிய சோட்டா (SOTA – சம்மிட்ஸ் ஆன் தி ஏர்) என்ற மலையுச்சி ஹாம் திட்டம் அது. உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கத்துக்குள் நின்று, சுமந்துபோன பேட்டரியில் நான்கு பேரோடு பேசினால் அந்த மலைக்குரிய புள்ளி கிடைக்கும். வண்டிக்குள் உட்கார்ந்து பேசினால் கணக்கில்லை. குளிர் கடுமையான நாடுகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட மலைகளுக்குப் பனிக்காலத்தில் மூன்று புள்ளி கூடுதல். கையுறையோடு சின்னப் பித்தான்களை அமுக்கி, உறைபனியில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள், கொடுக்கட்டும். அந்த விதிகளை அப்படியே நம் மலையில் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம், நல்ல விதிகள்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போகிறார். படகில் வயர்லெஸ் உண்டு. கரையில் எங்களுக்குக் கொஞ்ச தூரம்தான் கேட்கிறது. நான் மலையில் ஏறி நின்றால் அவரோடு பேச முடியுமா? – சகோதரி, சின்னத்துறை

அம்மா, நீங்கள் கேட்டதில் அறிவியல் சரியாக இருக்கிறது. நாலு மீட்டர் உயரக் கம்பமுள்ள இரண்டு படகுகளுக்கு நடுவே 16 கிலோமீட்டர்தான். 400 மீட்டர் மலைக்கும் அதே படகுக்கும் நடுவே 90 வரை போகும். ஆனால் நீங்கள் அதில் பேசச் சட்டம் இடம் தரவில்லை. படகுகளுக்கு ஒதுக்கியது 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கடல்சார் அலைவரிசை. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8. ஹாம் லைசென்ஸ் உள்ளவரும் அங்கே பேசக்கூடாது. ஒருவர் வீட்டு நலம் விசாரிக்கும் நேரத்தில் இன்னொரு படகின் ஆபத்துக்குரல் அமுங்கிவிடும்.

அதனால் ஊர்ச் சங்கத்தின் பேரில், உயரமான இடத்தில் முறையான கரைநிலையம் வேண்டுமென்று மீன்வளத் துறைக்கு மனு எழுதுங்கள். நான் மேலே சொன்ன கணக்கை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் வரவில்லை, குரல் வரவில்லை என்றால் காத்திருக்காமல் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்ணையும் அடுக்களைச் சுவரில் எழுதிப்போடுங்கள் அம்மா.

கேள்வி: மாறாமலை, காளிகேசம் பக்கம் இன்னும் உயரமான உச்சிகள் உண்டே? – வாசகர், அருமநல்லூர்

அது காட்டுயிர் சரணாலயம், யானை நடமாடும் இடம். வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் போகவே கூடாது. சிதறால் குன்று ஏறலாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அங்கே கைசெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? – வாசகர், குளச்சல்

சுனாமி அடித்த குளச்சலிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் விரிவாகவே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் துண்டித்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு, வந்த வேலையை விட்டுவிட்டுச் செய்தி கடத்தியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம்மை அடித்தது. ரப்பரும் வாழையும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மின்சாரம் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்தபின் போன் என்ன செய்யும்? கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் கிடைக்காமல் தூத்தூர்க் கரை முழுக்க நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்படி ஒரு நாளில் புயல் ஓய்ந்ததும் ஏறி நிற்க, எந்த மலையிலிருந்து எந்த ஊர் கேட்கும் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதைப் புயலன்று தயாரிக்க முடியாது. மார்கழி, தையின் அமைதியான காலைகளில்தான் முடியும். அதனால் பேசும்போது நலம் மட்டும் விசாரிக்காமல் செய்தி கடத்திப் பழகுங்கள். அனுப்புநர், பெறுநர், நேரம், எத்தனை சொற்கள், செய்தி. எழுதியவர் முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டும். அனுப்பியவர் சரி என்ற பிறகுதான் அடுத்தது. தமிழிலேயே பேசுங்கள், பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு காலை ஆறரை முதல் ஒன்பது வரை மருந்துவாழ்மலையில் 145.500இல் இருப்பேன். லைசென்ஸ் உள்ளவர்கள் கூப்பிடுங்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் பொற்றையடியில் வந்து சேர்ந்துகொண்டால் பக்கத்தில் இருந்து கேட்கலாம். பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம் என்பதால் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.