ரைட் கூப்பிட்டால் எடுப்பது யார்? மைக்ரோகெர்னலும் சி லைப்ரரியும்: கேள்வி-பதில்

கேள்வி: லினக்ஸில் பிரிண்ட்எஃப், ரைட் என்ற எழுதும் அழைப்பு வழியாகக் கடைசியில் கெர்னலில் போய் முடிகிறது என்று படித்தோம். மைக்ரோகெர்னலுக்கோ (மெசேஜ் கடத்துவது போன்ற சில அடிப்படை வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை சர்வர் எனப்படும் தனி நிரல்களிடம் விடும் சிறு கெர்னல்) கோப்பு என்ற சங்கதியே தெரியாது என்கிறார்கள். அப்படியானால் ரைட் எங்கே போகிறது?
– இறுதியாண்டு மாணவர், காலாப்பட்டு

பதில்: கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் மேஜையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்களுக்குப் பட்டா மாற்றித் தரமாட்டார். மனுவை வாங்கி உரிய துறைக்குத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். மைக்ரோகெர்னல் அந்த மேஜை. ஒரே ஒரு வித்தியாசம், எந்தத் துறைக்கு என்பதை இங்கே மேஜைக்காரர் யோசிப்பதில்லை. வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரே உறையின் மேல் முகவரி போட்டுவிட வேண்டும். உங்கள் நிரலோடு இணைந்து வரும் சி லைப்ரரி செய்வது அந்த வேலையைத்தான்.

லினக்ஸின் எக்ஸ்86-64 பதிப்பில் ரைட் என்பது மிக மெல்லிய உறை. ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 1, மற்ற மூன்று ரெஜிஸ்டர்களில் கோப்பு எண், பஃபர் முகவரி, நீளம், பிறகு கெர்னலைக் கூப்பிடும் ஒரு சிஸ்கால் கட்டளை. திரும்பி வரும் மதிப்பு -1 முதல் -4095 வரைக்குள் இருந்தால் அதன் குறியை மாற்றி எர்னோ என்ற பிழை எண் மாறியில் வைத்து, -1 திருப்பும். மினிக்ஸ் 3 என்ற மைக்ரோகெர்னல் அமைப்பில் அதே ரைட் ஒரு மெசேஜை நிரப்புகிறது. கோப்பு எண், பஃபர், நீளம் மூன்றையும் அதில் வைத்து, கோப்பு அழைப்புகளை வாங்கும் விஎஃப்எஸ் என்ற சர்வருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை நிற்கிறது. பதில் மெசேஜின் வகை எண் எதிர்மமாக இருந்தால் அதுதான் பிழை எண். கெர்னல் செய்தது 64 பைட்டை இங்கிருந்து அங்கே நகர்த்தியது மட்டும்.

கோப்பு எண்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள், அமைப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு பிடிபட்டுவிடும். மினிக்ஸில் அது விஎஃப்எஸ் சர்வருக்குள் இருக்கிறது. மாக் என்ற மைக்ரோகெர்னல் மேல் ஓடும் ஹர்டில் உங்கள் ப்ராசஸுக்குள்ளேயே, ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் கையில் இருக்கிறது. 1 என்ற எண்ணை மாக் போர்ட்டாக, அதாவது மெசேஜ் போய்ச் சேரும் முகவரியாக, மாற்றுவது அந்த லைப்ரரிதான். கியூஎன்எக்ஸ் என்ற இன்னொரு மைக்ரோகெர்னல் அமைப்பில் கோப்பு எண்ணே சர்வருக்கான இணைப்பு எண். அதனால் அங்கே ரைட்டுக்கு முகவரி தேடும் வேலை இல்லை. அந்த வேலை ஓப்பனிலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: சொந்தமாக ஒரு சிறிய மைக்ரோகெர்னல் எழுதிவருகிறோம். சி லைப்ரரியாக நியூலிப் எடுப்பதா, மஸ்ல் எடுப்பதா?
– இலாசுப்பேட்டை

பதில்: திரையில் ஒரு வரி வர வேண்டும் என்பதே இப்போதைய குறி என்றால் நியூலிப். நீங்கள் எழுதித் தர வேண்டிய ஃபங்ஷன்கள் இருபதுக்குள் அடங்கும். அதிலும் உண்மையாக வேலை செய்ய வேண்டியவை ரைட், ரீட், குளோஸ், எல்சீக், எஃப்ஸ்டாட், ஐசாட்டி, நினைவகம் கேட்கும் எஸ்பிரேக் ஆகிய ஏழும் எக்ஸிட்டும்தான். ப்ராசஸைப் பிரதியெடுக்கும் ஃபோர்க், எக்செக்விஇ, லிங்க், வெயிட் வகையறா -1 திருப்பி எர்னோவில் ஈநோசிஸ் (‘இந்த அழைப்பு இங்கே இல்லை’) வைத்தால் போதும்.

வெளியே கிடைக்கும் மென்பொருள்களை ஓட்டுவதாக இருந்தால் மஸ்ல். ஆனால் அது தன் காலடியில் லினக்ஸ் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் ஏமாற்றுவது உங்கள் பொறுப்பு. எஸ்இஎல்4 என்ற மைக்ரோகெர்னலின் குழுவினர் மஸ்லின் சிஸ்கால்களை ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் வழியாகத் திருப்பி, அதே ப்ராசஸுக்குள் இருக்கும் ஓர் அட்டவணையில் தேட வைத்தார்கள். அட்டவணையில் இல்லாத எண் வந்தால் அதை அச்சிட்டுக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். எதை அடுத்து எழுத வேண்டும் என்ற பட்டியல் தானாகக் கிடைக்கும்.

கேள்வி: மஸ்லில் இரண்டு விசித்திரம். முதல் வரி மட்டும் உடனே வருகிறது, மற்றவை நிரல் முடியும்போதுதான் கொட்டுகின்றன. அதோடு, சில வரிகளில் கடைசித் துண்டு காணாமல் போகிறது. சீரியல் டிரைவரை மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன்.
– வில்லியனூர்

பதில்: சீரியல் டிரைவரை விட்டுவிடுங்கள், பாவம், அதன்மேல் குற்றம் இல்லை. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

முதலாவது: மஸ்லின் ஸ்டிடிஅவுட் (நிரலின் வழக்கமான வெளியீட்டு வழி) பிறக்கும்போது வரிக்கு வரி வெளியேற்றும் நிலையில் இருக்கும். முதல் முறை எழுதும்போது மட்டும், எதிரே இருப்பது டெர்மினலா என்று ஐஆக்டில் என்ற சாதன அழைப்பு மூலம் திரையின் அளவைக் கேட்டுப் பார்க்கும். கேட்கும் கோரிக்கை எண் 21523. அதற்குப் பிழை வந்தால் ‘இது கோப்பு போலிருக்கிறது’ என்று முடிவுசெய்து, அதன் பிறகு 1024 பைட் பஃபர் நிரம்பினால்தான் அனுப்பும். முதல் வரி வந்து, மற்றவை நின்றுபோவது இதனால்தான். 1-ஆம் கோப்பு எண்ணுக்கு அந்தக் கோரிக்கை வந்தால் 24 வரி, 80 பத்தி என்று நிரப்பி 0 திருப்புங்கள். எல்லா ஐஆக்டிலுக்கும் 0 திருப்பிவிடாதீர்கள். கோப்புக்கும் டெர்மினல் என்று சொன்னதாகிவிடும். ஒவ்வொரு வரியும் ஒரு மெசேஜாகக் கிளம்பும்.

இரண்டாவது: மஸ்லின் அச்சுப் பகுதி ரைட்டைக் கூப்பிடுவதே இல்லை. அது கூப்பிடுவது ரைட்வி, லினக்ஸ் எண் 20. ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டுகள் தரும். ஏற்கெனவே பஃபரில் தேங்கியது முதல் துண்டு, இப்போது வந்தது இரண்டாவது. உங்கள் நிரலில் ‘எண் %டி முடிந்தது’ என்று ஒரு வரியும் கடைசியில் வரிமுறிப்பும் இருக்கிறது என்று வையுங்கள். ‘எண் 5’ வரை பஃபரில் தங்கும். ‘ முடிந்தது’ என்ற பகுதியில் வரிமுறிப்பு இருப்பதால் அது இரண்டாம் துண்டாக நேரே போகும். உங்கள் ரைட்வி முதல் துண்டை மட்டும் எழுதிவிட்டு, மொத்த நீளத்தையும் எழுதியதாகத் திருப்பினால் ‘எண் 5’ மட்டும் திரையில் நிற்கும். உங்கள் ‘காணாமல் போன கடைசித் துண்டு’ பெரும்பாலும் கடைசி %-க்குப் பிறகு வருவதாக இருக்கும், சரிபாருங்கள்.

முதல் துண்டின் நீளத்தை மட்டும் ‘நேர்மையாக’த் திருப்பலாமே என்று தோன்றும். பஃபர் காலியாக இருக்கும் நேரத்தில் முதல் துண்டின் நீளம் 0. நீங்கள் 0 திருப்பினால் மஸ்ல் மீதியை எழுத மறுபடி கூப்பிடும், மறுபடி 0, முடிவே இல்லாத சுழல். எல்லாத் துண்டுகளையும் எழுதிவிட்டு, கூட்டுத்தொகையைத் திருப்புவதே சரி.

கேள்வி: மெயினுக்கு வருவதற்கு முன்பே 13-ஆம் எண் ஃபால்ட். முகவரியைப் பார்த்தால் அங்கே ஹால்ட் கட்டளை இருக்கிறது. லைப்ரரிக்குள் யார் ஹால்ட் வைத்தது?
– நெல்லிக்குப்பம்

பதில்: மஸ்ல்தான். தொடர முடியாத நிலை வந்தால் வேண்டுமென்றே செத்துப்போக அது எக்ஸ்86-இல் ஹால்ட் கட்டளையைப் பயன்படுத்துகிறது. யூசர் நிலையில் அந்தக் கட்டளைக்கு அனுமதி இல்லாததால் 13 வருகிறது. மெயினுக்கு முன்பு அப்படி ஆகிறது என்றால் முதல் சந்தேகம் த்ரெட் லோக்கல் நினைவகத்தின் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியான இடம்) மேல்தான். எர்னோகூட அதில்தான் குடியிருக்கிறது.

துவக்கத்தில் மஸ்ல், அந்த நினைவகத்தைச் சுட்டும் எஃப்எஸ் ரெஜிஸ்டரின் அடிமுகவரியை அமைக்கச் சொல்லிக் கேட்கும். லினக்ஸில் அது 158-ஆம் சிஸ்கால், முதல் அளவுரு 4098. பதில் எதிர்மமாக வந்தால் ஹால்ட். ‘நான்தான் சிஸ்கால் ஹெடரை முழுக்க மாற்றிவிட்டேனே’ என்பீர்கள். இந்த ஒரு அழைப்பு அந்த ஹெடர் வழியாகப் போவதில்லை. தனி அசெம்பிளி கோப்பில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. புதிய த்ரெட்டும் ப்ராசஸும் உருவாக்கும் க்ளோன், விஃபோர்க், சிக்னலிலிருந்து திரும்பும் பகுதி, இடையில் நிறுத்தக்கூடிய அழைப்புகளுக்கான பகுதி எல்லாமே இப்படித்தான். மூல அடைவில் உங்கள் ப்ராசசருக்கான அசெம்பிளி கோப்புகள் அனைத்திலும் சிஸ்கால் என்ற சொல்லைத் தேடுங்கள். அங்கே பிடிபடாதது வேறெங்கும் பிடிபடாது.

சரிசெய்த பிறகு இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கும். த்ரெட் மாறும்போதெல்லாம் எஃப்எஸ் அடிமுகவரியைக் கெர்னல் சேமித்து மீட்க வேண்டும். மறந்தால் ஒரு த்ரெட்டின் எர்னோ இன்னொன்றில் தலைகாட்டும். இன்னொன்று, ஸ்டாக்கின் உச்சியில் அளவுருக்களுக்கும் சூழல் மாறிகளுக்கும் பிறகு துணைப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். நிரலின் தலைப்பு அட்டவணை எங்கே, அதில் எத்தனை வரிசை, பக்க அளவு என்ன என்பதை மஸ்ல் அதிலிருந்துதான் படிக்கிறது. வரிசை எண்ணிக்கை இல்லையென்றால் பிழை எதுவும் சொல்லாது. உங்கள் த்ரெட் லோக்கல் மாறிகளின் தொடக்க மதிப்புகள் மட்டும் சத்தமில்லாமல் போய்விடும்.

கேள்வி: மெசேஜ் 64 பைட். ஒரு மெகாபைட் ரீட்டை எப்படி அனுப்புவது? தலைப்பு போக மிஞ்சும் 56 பைட்டாக வெட்டி வெட்டியா?
– பண்ருட்டி

பதில்: உங்கள் ஊர்ப் பலாப்பழத்தைத் தபால் உறையில் போட யாரும் பார்ப்பதில்லை. கிடங்குச் சாவியை உறையில் போட்டு அனுப்பினால் ஆயிற்று. 56 பைட்டாக வெட்டினால் ஒரு மெகாபைட்டுக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல் மெசேஜ்கள்.

மினிக்ஸில் அந்தச் சாவிக்குப் பெயர் கிராண்ட். எந்த முகவரியிலிருந்து, எத்தனை பைட், படிக்கவா எழுதவா, யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். யூசர் நிரல் வெறும் பாயிண்டரைத்தான் விஎஃப்எஸ்ஸுக்குத் தருகிறது; யூசரின் சார்பாகக் கோப்பு முறைமை சர்வருக்குக் கிராண்ட் தயாரிப்பது விஎஃப்எஸ். கெர்னல் அதைச் சோதித்துவிட்டுத் தரவை நேரடியாக நகலெடுக்கும். கியூஎன்எக்ஸில் தலைப்பையும் தரவையும் தனித்தனித் துண்டுகளாகக் காட்டி ஒரே அழைப்பில் அனுப்பலாம். சர்வர் தன் பஃபரில் கொள்ளாத மீதியைப் பிறகு தானே எட்டி எடுத்துக்கொள்ளும். எஸ்இஎல்4-இல் ஒரு மெசேஜுக்கு 120 சொற்கள்தான் எல்லை. அதற்கு மேல் பகிர்ந்த நினைவகப் பக்கம்தான் வழி.

பகிர்ந்த பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. சர்வர் நீளத்தைச் சரிபார்த்த பிறகு, படிப்பதற்கு முன்பு, யூசர் நிரல் அதை மாற்றிவிட முடியும். நீளத்தையும் கோப்பு எண்ணையும் மெசேஜில் அனுப்புங்கள், பக்கத்தில் தரவு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: நியூலிப்பில் நினைவகம் தீர்ந்ததும் மேலாக் 0 திருப்பாமல் ஃபால்ட் ஆகிறது.
– கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் எஸ்பிரேக் தோல்வியில் 0 திருப்புகிறது. அது -1 திருப்ப வேண்டும். மேலாக்கைப் பொறுத்தவரை 0 என்பது ஒரு முகவரி, உடனே குடியேறிவிடும்.

கேள்வி: கன்சோல் சர்வருக்குள் சோதனைக்காக ஒரு பிரிண்ட்எஃப் போட்டேன். மொத்த அமைப்பும் உறைந்துவிட்டது.
– முதலியார்பேட்டை

பதில்: பிரிண்ட்எஃப் மெசேஜ் அனுப்பியது கன்சோல் சர்வருக்கு. அந்தச் சர்வரோ பதிலுக்காகத் தன்னையே எதிர்பார்த்து நிற்கிறது. பிறகு எழுத வந்த ஒவ்வொரு ப்ராசஸும் அதே வரிசையில் நிற்கும். மினிக்ஸ் கெர்னல் இப்படிப்பட்ட வளையத்தைக் கண்டுபிடித்துப் பிழை திருப்பும். எல்லாக் கெர்னலும் அப்படி உதவாது.

தன்னிடமே கேட்பது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. கோப்பு சர்வர் நினைவக சர்வரைக் கேட்க, நினைவக சர்வர் பக்கம் எடுக்கக் கோப்பு சர்வரைக் கேட்பது எப்போதாவது மட்டும் நடக்கும், அதுதான் கொடுமை. சர்வர்களுக்கு வரிசை எண் போடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்பு மேலிருந்து கீழே மட்டும் போகட்டும். கீழிருந்து மேலே அறிவிப்பு மட்டும், காத்திருப்பு கூடாது. சர்வர்களுக்கு யூசர் நிரலுக்கான முழு லைப்ரரியை இணைக்காதீர்கள். சர்வரின் பிரிண்ட்எஃப் கெர்னலின் சோதனை அச்சு அழைப்பை நேரே கூப்பிடட்டும். நினைவக சர்வரின் மேலாக் முன்கூட்டியே ஒதுக்கிய நிலையான வரிசையிலிருந்து எடுக்கட்டும், இல்லையென்றால் அது நினைவகம் கேட்டுத் தன் கதவையே தட்டும்.

கேள்வி: ஃபோர்க் கட்டாயம் வேண்டுமா?
– திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஷெல் ஓட்ட வேண்டுமானால் ஏதோ ஒரு வழி வேண்டும், ஆனால் ஃபோர்க்தான் என்றில்லை. ஹர்டில் ஃபோர்க் முழுக்க ஜிலிப்சிக்குள் நடக்கிறது. புதிய டாஸ்க் உருவாக்கி, நினைவகத்தை வாரிசாகக் கொடுத்து, தாயிடம் உள்ள போர்ட் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து, குழந்தைக்கு எது போக வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். கெர்னல் ஒரே மூச்சில் செய்யும் வேலை இங்கே வரிசையான அழைப்புகளாக உடைந்துவிடுகிறது. முதலில், புதிய நிரலை நேரே தொடங்கும் பாசிக்ஸ் ஸ்பானை எழுதுங்கள்: நிரலின் பெயர், அளவுருக்கள், எந்தக் கோப்பு எண் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் ஒரே மெசேஜில் ப்ராசஸ் சர்வருக்கு. மஸ்லில் உள்ள ஸ்பான் உள்ளுக்குள் க்ளோனைக் கூப்பிடுவதால் அந்தக் கோப்பை முழுதாக மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஹர்டில் கோப்பு இல்லை என்ற பிழைக்கு எர்னோ 1073741826 என்று வருகிறது. நினைவகம் கெட்டுவிட்டதா?
– சிதம்பரம்

பதில்: கெடவில்லை. மாக் முறையில் பிழை எண்ணின் மேல் பிட்களில் எந்தப் பிரிவின் பிழை என்ற குறி இருக்கும். 1073741824-ஐக் கழித்தால் நமக்குத் தெரிந்த 2 மிஞ்சும். எர்னோவை வரிசையின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தும் நிரல்கள் மட்டும் இங்கே விழும். நிரலில் அப்படி ஓர் அட்டவணை இருந்தால் அதை ஸ்விட்சாக மாற்றுங்கள். கையோடு, கோப்புப் பாதையின் அதிகபட்ச நீளத்தைச் சொல்லும் பாத்மேக்ஸ் என்ற மாறிலியையும் தேடிவிடுங்கள், ஹர்ட் அதை வரையறுப்பதே இல்லை என்பதால் கம்பைலர் அடுத்து அங்கேதான் நிற்கும்.